சொரியாசிஸ் இருந்தால் சுகரையும் இடுப்பளவையும் ஏன் பார்க்க வேண்டும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சொரியாசிஸுக்குக் களிம்பு வாங்க வருகிறவர் கையில் பல நேரம் இன்னொரு சீட்டும் இருக்கும், சுகருக்கோ பிரஷருக்கோ கொழுப்புக்கோ. ஒன்று தோல் டாக்டர் எழுதியது, மற்றது வேறு டாக்டர் எழுதியது, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தே இருக்க மாட்டார். இரண்டு சீட்டும் ஒரே உடம்பில் நடக்கிற ஒரே சங்கதியைப் பற்றியவை என்று சொன்னால் ஆட்கள் நம்பாமல் பார்க்கிறார்கள். அதனால்தான் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், ஆனால் டாக்டரிடம் கேட்கவேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள்.

தோலில் வருகிற நோய்க்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

சொரியாசிஸ் தோலில் தெரிகிறது, ஆனால் அது தொடங்குவது நோய் எதிர்ப்பு மண்டலத்தில். கிருமியோடு சண்டை போடவேண்டிய டி செல்கள் காரணமில்லாமல் விழித்துக்கொண்டு டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்று சில ரசாயனங்களை விடாமல் சுரக்கின்றன. அவை தோல் செல்களை அவசரப்படுத்துகின்றன. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், சொரியாசிஸ் இருக்கும் இடத்தில் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அதுதான் முட்டியிலும் முழங்கையிலும் தலையிலும் நாம் பார்க்கிற வெள்ளிச் செதில்.

இந்த ரசாயனங்கள் தோலிலேயே நின்றுவிடுவதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. டிஎன்எஃப் ஆல்ஃபா இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது, அதனால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை தசைக்குள்ளே போகத் திணறுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரும் இதனால் புண்படுகிறது, அங்கே கொழுப்பு படிய வசதியாகிவிடுகிறது. இன்னொரு பக்கம் வயிற்றைச் சுற்றி உள்ளே சேர்கிற கொழுப்பு இருக்கிறதே, அதுவும் சும்மா கிடப்பதில்லை. அதே டிஎன்எஃப் ஆல்ஃபாவையும் இன்டர்லூகின் 6ஐயும் அதுவும் சுரக்கிறது, அழற்சியை, அதாவது உடம்பின் இந்த உள்எரிச்சலை, அடக்குகிற அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. ஆக, தோல் நோயின் அழற்சி சுகரையும் ரத்தக்குழாயையும் கெடுக்கிறது, வயிற்றுக் கொழுப்பு தோலைக் கெடுக்கிறது. ஒன்றை மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றது அதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இது உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆபத்தா, இல்லை பயமுறுத்துகிறீர்களா?

பயமுறுத்தவில்லை, எண்களைச் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2012லும் 2013லும் வெளியான தொகுப்புகளில், சொரியாசிஸ் இருக்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் மூன்றுமே மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிற கூட்டுப் பிரச்சினை இரண்டு மடங்குக்கும் மேல். தோல் நோய் எவ்வளவு பரவி இருக்கிறதோ அவ்வளவு இந்த ஆபத்தும் கூடுகிறது, அதுதான் இதில் கவனிக்கவேண்டிய இடம்.

இதய விஷயத்தில் வயது முக்கியம். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2006ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், தீவிர சொரியாசிஸ் இருக்கிற 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு ஆபத்து அதே வயது மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு என்று வந்தது. 60 வயதுக்காரருக்கு அந்தக் கூடுதல் 36 சதவீதம்தான். 30 வயதில் மாரடைப்பே அபூர்வம், அதனால் 3 மடங்கு ஆனாலும் எண்ணிக்கை சிறியதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் "இந்தச் சின்ன வயசில எனக்கு என்ன டெஸ்ட்டு அக்கா" என்று கேட்கிற பையன்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றால் என்ன? ரிப்போர்ட்டில் அப்படி எங்கேயும் எழுதவில்லையே.

எழுத மாட்டார்கள். நீங்கள்தான் ஐந்து எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் (இது தெற்காசிய மக்களுக்கு வைத்த அளவு, வெள்ளைக்காரர்களுக்கு வேறு). பிரஷர் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சுகர் 100 அல்லது அதற்கு மேல். ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ். இதில் எந்த மூன்று இருந்தாலும் அது மெட்டபாலிக் சிண்ட்ரோம். மாத்திரை சாப்பிட்டு அளவு சரியாக இருந்தாலும் அது இருப்பதாகத்தான் கணக்கு.

இடுப்பை பேன்ட் சைஸ் வைத்துச் சொல்லாதீர்கள். இங்கே நிறையப் பேர் தொப்பைக்குக் கீழே பெல்ட் போட்டுக்கொண்டு 34 என்று சொல்கிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் நுனிக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, தையல் டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். அங்குலத்தில் சொன்னால் ஆண்களுக்கு முப்பத்தைந்தரை, பெண்களுக்கு முப்பத்தொன்றரை.

குண்டானதால் சொரியாசிஸ் வந்ததா, சொரியாசிஸ் வந்து வீட்டிலேயே இருந்து குண்டானேனா?

இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. மரபணுத் தகவலை வைத்து 2019ல் வந்த ஒரு ஆய்வு இதையே கேள்வியாக எடுத்துப் பார்த்தது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண்) 1 அலகு கூடினால் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது என்றும், சொரியாசிஸ் நேரடியாக எடையைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும் அதில் வந்தது. மரபணு என்பது பிறக்கும்போதே தீர்மானமானது, நோய் வந்தபிறகு மாறுவதில்லை, அதனால் எது முதலில் எது பின்னால் என்று பார்க்க இந்த முறை உதவுகிறது.

அதற்காக வாழ்க்கை வழியாக எடை கூடுவதில்லை என்று அர்த்தம் இல்லை. கைகால் முழுக்கச் செதில் இருக்கும் ஒருவர் குளத்துக்குக் குளிக்கப் போவதை நிறுத்துகிறார், பந்து விளையாடப் போவதை நிறுத்துகிறார், கல்யாண வீட்டுக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நம் மாவட்டத்தில் ஊருக்கு நாலு குளமும் பக்கத்தில் கடலும் இருந்தும் குளியலறைக்குள் அடைந்து கிடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இது தொற்றாது. தொட்டாலும் தொற்றாது, ஒரே குளத்தில் குளித்தாலும் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. இதை வீட்டில் இருக்கிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் முதலில் படிக்க வேண்டும்.

நான் ஒல்லிதான். எனக்கும் இந்த டெஸ்ட் எல்லாம் வேண்டுமா?

வேண்டும். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருப்பது நம் ஆட்களின் உடல்வாகு. எடை குறைவாக இருக்கும்போதே நமக்கு உள்கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23லேயே அதிக எடை, 25லேயே பருமன் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 63 கிலோவைத் தொட்டாலே 23 தாண்டிவிடும், 68 கிலோவில் 25. ஊரில் அவரை யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

எடை குறைத்தால் தோல் சரியாகிவிடுமா?

முழுசாகச் சரியாகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் குறைகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது. இத்தாலியில் 2014ல் வந்த ஒரு ஆய்வில் எடை கூடுதலாக இருந்து, மாத்திரையோ ஊசியோ எடுத்தும் 4 வாரத்தில் தோல் தெளியாத 303 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாப்பாட்டுத் திட்டமும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள், மற்றதற்கு எடை குறைத்தால் நல்லது என்று அறிவுரை மட்டும். 20 வாரம் கழித்து நோயின் தீவிரத்தை அளக்கிற மதிப்பெண் முதல் கூட்டத்துக்கு 48 சதவீதம் குறைந்தது, இரண்டாவதற்கு 25 சதவீதம் சொச்சம். டென்மார்க்கில் 2013ல் வந்த இன்னொன்றில் 16 வாரத்தில் சராசரியாக 15 கிலோ குறைத்தார்கள், அதில் தோல் மதிப்பெண் குறைந்தாலும் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை, ஆனால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு சுலபமானது என்ற அளவீட்டில் தெளிவான முன்னேற்றம் இருந்தது.

15 கிலோ எல்லாம் நம்மால் முடியாது என்று மலைக்க வேண்டாம். உடம்பு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுகர், பிரஷர், கல்லீரல் கொழுப்பு மூன்றிலும் வித்தியாசம் தெரியும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோவிலிருந்து 8 கிலோ வரை, ஆறு மாதத்தில் செய்யக்கூடியதுதான்.

என்ன சாப்பிடலாம்? மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கடையில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், அதிகம் கோபம் வருவதும் இதில்தான், ஏனென்றால் கூடாது கூடாது என்ற பட்டியல் நீளமாகி, கடைசியில் உண்மையிலேயே குறைக்கவேண்டிய சோறும் கிழங்கும் மட்டும் தட்டில் மிஞ்சி நிற்கிறது.

மீன் சாப்பிடலாம். அதிலும் நம் கடற்கரையில் வருகிற சாளை, அயிலை, நெத்திலி மாதிரி எண்ணெய்ச்சத்து உள்ள சின்ன மீன்களில் ஒமேகா 3 நிறைய. அது சொரியாசிஸைக் குணப்படுத்தும் மருந்து இல்லை, ஆனால் டிரைகிளிசரைடுக்கும் இதயத்துக்கும் நல்லது. குழம்பு வையுங்கள், வாழையிலையில் சுட்டுச் சாப்பிடுங்கள், தினமும் எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரிப்பதை மட்டும் விடுங்கள். ஏதாவது ஒரு மீன் சாப்பிட்டால் உங்களுக்கு அரிப்பு கூடுகிறது என்று நீங்களே திரும்பத் திரும்பப் பார்த்திருந்தால் அந்த ஒன்றை விடுங்கள், ஊரில் யாரோ சொன்னார் என்பதற்காக எல்லா மீனையும் விட்டுவிடாதீர்கள். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் எப்போதாவது மட்டும்.

மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். அது நம் மாவட்டத்தின் உயிர், எனக்கும் கிழங்கும் மீன்கறியும் பிடிக்கும். ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. காலையில் புட்டும் பழமும், மத்தியானம் சோறு, சாயங்காலம் கிழங்கும் சாயாவும், ராத்திரி திரும்பவும் சோறு என்று போனால் நாள் முழுக்க மாவுதான். ரப்பர் பால் வெட்டிவிட்டு மலை ஏறி இறங்கின காலத்தில் அது செரித்தது. இன்றைக்குக் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது நேராக வயிற்றில் போய்ச் சேர்கிறது. கிழங்கு சாப்பிடுகிற நேரத்தில் சோறு வேண்டாம், கிழங்கு பாதி, மீன் மீதி என்று வையுங்கள். கஞ்சியும் பயறும் என்கிற பழைய ராத்திரிச் சாப்பாடு நல்லதுதான், கஞ்சியைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் இன்னும் நல்லது, கூடவே ஒரு கீரை.

கருப்பட்டி காப்பி சுகரை ஏற்றாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏற்றும். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைதான். மார்த்தாண்டம் தேனும் அப்படித்தான், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். மட்டிப்பழம் ஒன்று சாப்பிடலாம், குலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஏத்தங்காய் சிப்ஸ், பழம்பொரி, ராத்திரி பரோட்டா, இவற்றை நீங்களே அறிவீர்கள்.

கோதுமையை விட்டால் சொரியாசிஸ் போகும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். சீலியாக் என்கிற, கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் குடலைக் கெடுக்கிற நோய் இருப்பது டெஸ்ட்டில் தெரிந்தவர்களுக்குத்தான் அதில் பலன்.

தேங்காய் எண்ணெய்?

தோலுக்கு மேலே தாராளமாக. குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே தடவினால் வறட்சி குறையும், செதில் இளகும். சமையலில் அளவு பார்க்க வேண்டும், அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூட்டுகிறது. எல்டிஎல் ஏற்கெனவே ஏறி நிற்கிறவர்கள் வீட்டில் ஆளுக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று ஒருதடவை கணக்குப் பாருங்கள், அரைத்துவிட்ட தேங்காயையும் சேர்த்து.

வாரத்துக்கு ஒருநாள்தான் குடிக்கிறேன். அதுவும் கூடாதா?

கூடாது. சாராயம் தோலைக் கிளப்புகிறது, டிரைகிளிசரைடை ஏற்றுகிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்க்கிறது, மருந்தோடு சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கிறது. பீடி சிகரெட்டும் சொரியாசிஸைக் கூட்டும், அதன் இதய ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். கேன்சர் மருந்து என்று போட்டிருக்கிறதே, சாப்பிடலாமா?

சொரியாசிஸுக்குக் கொடுக்கிற அளவு கேன்சருக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்படுகிற, விலை குறைந்த, நல்ல மருந்து. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்: அது வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் இல்லை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தினமும் போட்டுப் பழகினவர் இதையும் அந்த டப்பாவில் போட்டு தினமும் விழுங்கிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். உலகம் முழுக்க இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வயதானவர் வீட்டில் இருந்தால் அந்த அட்டை மற்ற மாத்திரையோடு இருக்கவே கூடாது, பிள்ளைகளோ மருமகளோ எடுத்துக் கொடுக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் எழுதியிருந்தால் அது வேறு மாத்திரை, டாக்டர் சொன்ன நாளில் அது.

நாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயத்துக்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சர்க்கரை, பருமன், கல்லீரல் கொழுப்பு, குடி, இவற்றில் எது இருந்தாலும் மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைப் பாதிக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொரியாசிஸ் இருக்கிறவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு மற்றவர்களைவிட அதிகம் வேறு. அதனால் ரத்த டெஸ்ட்டுக்கு வரச்சொன்னால் போங்கள், தோல் நன்றாக ஆகிவிட்டது என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மாத்திரை வாங்காதீர்கள். மூத்திரக் கடுப்புக்கோ வேறு எதற்கோ கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை உடனே சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது. பிள்ளை பெற யோசிக்கிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

சொரியாசிஸுக்கான மற்ற மருந்துகள் சுகரையும் கொழுப்பையும் ஏற்றுமா?

சில ஏற்றும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடைக் கூட்டும். சைக்ளோஸ்போரின் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். அப்ரிமிலாஸ்ட்டில் கொஞ்சம் எடை குறையும், பருமனானவர்களுக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம். டிஎன்எஃப்பைத் தடுக்கிற அடலிமுமாப் மாதிரி ஊசிகளில் சிலருக்கு எடை கூடுகிறது. செகுகினுமாப் போன்ற இன்டர்லூகின் 17 ஊசிகள் தோலை நன்றாகத் தெளிய வைக்கின்றன, ஆனால் ஊசி போட்டுவிட்டேன், இனி இதயத்துக்கும் ஒன்றும் வராது என்று எண்ணிக்கொள்ள முடியாது. அடலிமுமாபை வைத்துச் செய்த ஒரு சோதனையில் ரத்தக்குழாய் அழற்சி குறையவில்லை. சுகரும் கொழுப்பும் தனியாகக் கவனிக்கப்பட்டே ஆக வேண்டும். இந்த ஊசிகளுக்கு முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அது வழக்கமான நடைமுறைதான், பயப்பட வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும்தான் எனக்குப் பயம். யாரோ ஒருவர் போட்டுவிட்ட ஒரு ஊசியில் இரண்டு நாளில் தோல் மினுமினுப்பாகிவிடும், சுகர் 300க்குப் போகும், ஊசி வேகம் இறங்கியதும் சொரியாசிஸ் முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்தோ சீழ்க்கொப்புளம் கிளம்பியோ ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். களிம்பிலும் இதே எச்சரிக்கை. கிளோபெட்டசால் மாதிரி வலுவான களிம்பைப் பெரிய பரப்பில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், உள்ளேயும் உறிஞ்சப்படும். 2018லேயே ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுக்க மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தோல் கூடியது என்று தோன்றுகிறது.

இருக்கலாம். அட்டெனலால், மெட்டோபுரலால், புரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர்கள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும். லித்தியமும் குளோரோகுயின் வகை மாத்திரைகளும் அப்படியே. ஆனால் இதயத்துக்காக அதை எழுதியிருந்தால் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து. எழுதிய டாக்டரிடம் போய் "எனக்குச் சொரியாசிஸ் இருக்கு, இதை மாத்த முடியுமா" என்று கேளுங்கள், பிரஷருக்கு வேறு வகை மாத்திரைகள் நிறைய உண்டு.

சுகர் மாத்திரையே தோலையும் சரிசெய்யுமா? மெலிகிற ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மெட்ஃபார்மினில் தோலுக்குச் சிறு பலன் இருப்பதாகச் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன, அதைச் சொரியாசிஸ் மருந்தாக யாரும் எழுதுவதில்லை. செமகுளுடைடு வகை ஊசியில் எடை நன்றாகக் குறைகிறது, எடை குறைவதால் தோலும் பலன் பெறலாம். ஆனால் அது டாக்டர் பார்த்து, உங்களுக்கு ஏற்றதா என்று தீர்மானித்து எழுதவேண்டிய மருந்து. சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார் என்று போட்டுக்கொள்கிற சாமான் இல்லை.

சித்த மருத்துவம் பார்க்கிறேன், அது போதாதா?

நம் மாவட்டத்தில் சித்தமும் ஆயுர்வேதமும் வேரோடியவை, காளாஞ்சகப்படை என்று சித்தர் நூல்கள் சொல்கிற நோய்க்கு வெட்பாலைத் தைலம் போடாத ஊர் இல்லை. படித்த, பதிவுபெற்ற மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் போங்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தில் வருகிற பொடியை மட்டும் சாப்பிடாதீர்கள், அதில் ஸ்டீராய்டோ கன உலோகமோ கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எந்த வைத்தியமானாலும் அந்த ஐந்து எண்களைப் பார்க்காமல் விடக் கூடாது, தைலம் பூசினால் டிரைகிளிசரைடு இறங்காது.

நடக்கச் சொல்கிறார்கள், ஆனால் காலையில் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறதே?

அப்படியென்றால் அதை முதலில் சொல்லுங்கள். சொரியாசிஸ் இருக்கிறவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு அழற்சி வரலாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுக்க வீங்குவது, குதிகால் வலி, நகத்தில் குண்டூசியால் குத்தினது மாதிரி சின்னச் சின்னப் பள்ளம், இவை இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும், தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகும். மூட்டு வலிக்கிறது என்று உட்கார்ந்தால் எடை கூடும், எடை கூடினால் மூட்டு இன்னும் வலிக்கும்.

வலி இல்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் மிதமாகப் படுவது தோலுக்கும் நல்லது, கருகும் அளவுக்கு வெயிலில் நின்றால் அந்த இடத்திலேயே புதிதாகக் கிளம்பும். தோலில் எந்தக் காயம் பட்டாலும் அங்கே சொரியாசிஸ் வரலாம். முந்திரி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்க்கிற அக்காமார் கையில் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பொள்ளினால் அதுவும் காயம்தான், கையுறை கேட்டு வாங்கிப் போடுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைக்கிற வேலை அது, மணிக்கு ஒருதடவை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

மகன் கல்ஃபில் இருக்கிறான். அங்கே போனபிறகு தோலும் கூடியது, எடையும் கூடியது. ஏன்?

ஏசியின் வறண்ட காற்று, ராத்திரி டியூட்டி, தூக்கம் கெடுவது, தனிமை, குப்பூஸ் ரொட்டியும் பொரித்த கோழியும், நடக்க இடமில்லாத கேம்ப். தோலைக் கிளப்புவதும் எடையைக் கூட்டுவதும் ஒரே பட்டியல்தான். குளித்ததும் மாய்ஸ்சரைசர் போடச் சொல்லுங்கள். குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுந்திரிக்கிறான் என்று ரூமில் இருக்கிறவர்கள் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிற அந்தப் பிரச்சினையும் சொரியாசிஸ் இருக்கிறவர்களுக்குக் கூடுதல். லீவில் வரும்போது மெடிக்கல் செக்கப்பை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் ரிப்போர்ட் வந்தால் மருந்தை ஒழுங்குபடுத்த நேரம் இருக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கும் இது உண்டா?

உண்டு. சொரியாசிஸ் வந்த பிள்ளைகளிலும் பருமன் அதிகமாகப் பார்க்கப்படுகிறது. பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம், குடும்பமே சாப்பாட்டை மாற்றுங்கள். தொண்டை வலிக்குப் பிறகு உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாகக் கிளம்பினால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

சரி, என்னென்ன டெஸ்ட், எங்கே எடுப்பது?

இடுப்பளவு, எடை, பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர் அல்லது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டுகிற டெஸ்ட்), கொழுப்பு டெஸ்ட், கல்லீரல் டெஸ்ட். வருடத்துக்கு ஒருதடவையாவது. விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு என்பது உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம், அப்படிப் பத்துக் கைக்கு மேல் பரவியிருந்தாலோ மாத்திரை ஊசி எடுத்தாலோ டாக்டர் சொல்கிறபடி இன்னும் அடிக்கடி. வெறும் வயிற்றுச் சுகர் 100 முதல் 125 என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 126 என்றால் திரும்ப ஒருமுறை எடுத்து உறுதி செய்வார்கள். எச்பிஏ1சியில் 5.7 முதல் 6.4 முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை.

பிரஷரும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் தோல், சுகர் இரண்டையும் ஒரே வளாகத்தில் காட்டிவிடலாம், காலையிலேயே வெறும் வயிற்றோடு போய்விடுங்கள்.

தோல் டாக்டரிடம் சுகரைப் பற்றிப் பேசினால் திட்ட மாட்டாரா?

திட்ட மாட்டார், உங்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு அந்த விவரம் தேவை. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, பழைய ரிப்போர்ட்டோடு, இரண்டு டாக்டரிடமும் கொண்டு போங்கள். சுகர் டாக்டரிடம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்ட வெட்கப்பட வேண்டாம். தோல் டாக்டர் கேட்காவிட்டாலும் "எனக்கு இடுப்பு 98, சுகர் 118, அப்பாவுக்கு அம்பது வயசில மாரடைப்பு வந்தது" என்று உங்கள் விவரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். எதை எதனோடு சாப்பிடலாம் என்று குழப்பம் வந்தால் கவரை என்னிடமோ உங்கள் ஊர் பார்மசிஸ்டிடமோ கொண்டு வாருங்கள், கூட்டம் குறைந்த மத்தியான நேரம் என்றால் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லலாம்.